மூணு விரல்: ஹங்கர் கேம்ஸ் படங்களும் ஒரு சல்யூட்டின் வரலாறும்

போன மே மாதம் அக்கா மகள் பரீட்சையை முடித்துவிட்டு எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தாள். அதில் பாதி ராத்திரிகளை 'ஹங்கர் கேம்ஸ்' படங்களே எடுத்துக்கொண்டன. மொத்தம் ஐந்து படங்கள். அவளுக்கு இது மூன்றாவது சுற்றோ நான்காவது சுற்றோ தெரியாது, வசனமெல்லாம் மனப்பாடம். நான் முதல் இரண்டை மட்டும் வெளிவந்த சமயத்தில் பார்த்திருந்தேன். 'சின்னப் பசங்க படம்' என்று மீதியை விட்டுவிட்டேன்.

முதல் படத்தில் ஒரு இடத்தில் ரிமோட்டை அமுக்கி நிறுத்திவிட்டுக் கேட்டாள். "மாமா, இந்த மூணு விரல் காட்டறது ரோம்ல நெஜமாவே இருந்ததா?"

"இல்லம்மா, அது எழுத்தாளர் கதைக்காகக் கண்டுபிடிச்சது" என்றேன். படம் மறுபடி ஓடியது. என் பதில் தப்பில்லை. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறேன் என்பது மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. மிச்சப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வருங்காலத்தில், அழிந்துபோன வட அமெரிக்காவின் மேல் பானெம் என்று ஒரு நாடு. நடுவில் கேப்பிடல் என்ற பணக்காரத் தலைநகரம், சுற்றிலும் அதற்கு உழைத்துக் கொட்டும் 12 மாவட்டங்கள். முன்பு ஒருமுறை மாவட்டங்கள் கலகம் செய்து தோற்றுப்போயின. அதற்குத் தண்டனையாக வருஷா வருஷம் ஒவ்வொரு மாவட்டமும் 12 முதல் 18 வயதுக்குள் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் அனுப்ப வேண்டும். அந்த 24 பேரும் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும், ஒருவர் மிஞ்சும்வரை. இது நேரடி ஒளிபரப்பு. நிலக்கரி வெட்டும் 12-ம் மாவட்டத்தில் காட்னிஸ் எவர்டீன் என்ற 16 வயதுப் பெண், சீட்டு விழுந்த தங்கைக்குப் பதிலாகத் தானே போகிறாள். சூசன் காலின்ஸ் எழுதிய மூன்று நாவல்கள் 2008, 2009, 2010-ல் வந்தன. அவற்றிலிருந்து 2012 முதல் 2015 வரை நான்கு படங்கள். பிறகு முன்கதையாக 2020-ல் இன்னொரு நாவல், 2023-ல் அதன் படம்.

காலின்ஸின் அப்பா அமெரிக்க விமானப் படையில் இருந்தவர், வியட்நாம் போருக்குப் போனவர், ராணுவ வரலாறு சொல்லிக்கொடுத்தவர். வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே போரும் வரலாறும் ஓடியிருக்கும் போல. ஒரு ராத்திரி டிவி சேனல்களை மாற்றிக்கொண்டே போனபோது ஒன்றில் ரியாலிட்டி ஷோ, அடுத்ததில் இராக் போர்க் காட்சி, இரண்டும் மனசுக்குள் கலந்துவிட்டன, அங்கிருந்துதான் கதை பிறந்தது என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அடித்தளம் மட்டும் பழசு. ஏதென்ஸ் நகரம் ஏழு பையன்களையும் ஏழு பெண்களையும் கிரீட் தீவின் காளைத்தலை அரக்கனுக்குக் கப்பமாக அனுப்பிய தீசியஸ் புராணம் அது. அதன் மேல் ரோமாபுரியின் கிளாடியேட்டர்கள்.

ரோம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது ஒரு விளையாட்டு. சீசர், செனெகா, சின்னா, புளூட்டார்க், கிளாடியஸ், ஆக்டேவியா, கேட்டோ, புரூட்டஸ் என்று பாத்திரங்களின் பெயர்கள். ஜனாதிபதி ஸ்னோவின் முதல் பெயரே கோரியொலேனஸ். நாட்டின் பெயர் பானெம் என்பது லத்தீனில் ரொட்டி. ரொட்டியும் விளையாட்டும் கொடுத்தால் போதும், ஜனங்கள் அரசியலை மறந்துவிடுவார்கள் என்று கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டு வாக்கில் நொந்துகொண்ட கவிஞர் ஜுவெனலிடமிருந்து வந்த பெயர் இது. (கேப்பிடல் விருந்தில் இன்னும் சாப்பிட இடம் வேண்டும் என்று குடித்து வாந்தி எடுக்கிறார்கள் பாருங்கள், அது 'வொமிட்டோரியம்' என்ற பழைய குழப்பத்தை ஞாபகப்படுத்துகிறது. வொமிட்டோரியம் வாந்தி எடுக்கும் அறை இல்லை. அரங்கத்திலிருந்து கூட்டம் வெளியே கொட்டும் வழிக்குத்தான் அந்தப் பெயர். பெருந்தீனிக்காரர்கள் வாந்தி எடுத்ததாக செனெகா திட்டியிருப்பது வேறு கதை.)

பெயர்களை விடுங்கள். காலின்ஸ் ரோமிலிருந்து எடுத்ததில் உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமான விஷயம் 'டெசெரா'. ரோமில் கி.மு. 123-ல் கையஸ் கிராக்கஸ் கொண்டுவந்த சட்டம் குடிமக்களுக்கு மலிவு விலையில் தானியம் தந்தது. கி.மு. 58-ல் குளோடியஸ் அதை இலவசமாக்கினார். வாங்குவோர் எண்ணிக்கை 3,20,000 வரை போக, ஜூலியஸ் சீசர் அதை 1,50,000 ஆக வெட்டினார். அகஸ்டஸ் காலத்தில் சுமார் 2 லட்சத்தில் நின்றது. ஆளுக்கு மாதம் ஐந்து மோடியஸ், கிட்டத்தட்ட 33 கிலோ கோதுமை. இதற்கு ஒரு டோக்கன் உண்டு. நம்ம ரேஷன் கடை டோக்கன் மாதிரிதான். லத்தீனில் அதன் பெயர் டெசெரா.

காலின்ஸ் இந்த டோக்கனை எடுத்து ஒரே ஒரு திருப்பு திருப்பினார். பானெமிலும் ஏழைக் குழந்தை டெசெராவுக்குக் கையெழுத்துப் போடலாம், ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான தானியமும் எண்ணெயும் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு டெசெராவுக்கும் சாவுச் சீட்டுக் குலுக்கலில் உன் பெயர் ஒரு முறை கூடுதலாகப் போடப்படும். அடுத்த வருஷம் அது அழியாது, மேலே மேலே சேரும். காட்னிஸுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 வயதில் கட்டாயச் சீட்டு ஒன்று. தனக்கும் அம்மாவுக்கும் தங்கைக்குமாக டெசெரா மூன்று. ஆக நாலு. வருஷத்துக்கு நாலு வீதம் 16 வயதில் இருபது. அவள் நண்பன் கேலுக்குக் குடும்பம் பெருசு. அவனுக்கு 42.

ரோமில் அந்த டோக்கன் குடிமகனின் உரிமை. பானெமில் அது கடன், வட்டி உயிரில். யாரும் துப்பாக்கி வைத்து மிரட்டவில்லை. பசித்த குழந்தை தானாகவே வரிசையில் நின்று கையெழுத்துப் போடுகிறது. பணக்காரக் குழந்தையின் பெயரும் கண்ணாடிக் குடுவையில் இருக்கிறது, அதனால் 'எல்லாருக்கும் ஒரே சட்டம்' என்று சொல்லிக்கொள்ளலாம். கொடுங்கோன்மையைப் பற்றி இளையோருக்காக எழுதிய கதைகளில் இவ்வளவு துல்லியமான ஒரு ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. படத்தில் இது இரண்டு வரி வசனத்தில் போய்விடுகிறது. முதல் படத்தின் பெரிய குறை இதுதான் என்பேன். படத்தின் பெயரிலேயே பசி இருக்கிறது, திரையில் யாருக்கும் பசிக்கிற மாதிரி தெரியவில்லை.

ஆனால் அந்த முதல் படம் (இயக்கம் கேரி ராஸ்) வேறொரு வரலாற்றைச் சரியாகப் பிடித்தது. 12-ம் மாவட்டக் காட்சிகளை வட கரோலினாவில் ஹென்றி ரிவர் என்ற கைவிடப்பட்ட பஞ்சாலைக் குடியிருப்பில் எடுத்தார்கள். 1900-களின் தொடக்கத்தில் ஆலை முதலாளி தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். நாவலிலேயே 12-ம் மாவட்டம் இருப்பது அப்பலேச்சிய மலைப்பகுதியில்தான். அங்கே நிலக்கரிக் கம்பெனிகள் பல ஊர்களில் சம்பளத்தைப் பணமாகத் தராமல் கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் டோக்கனாகத் தந்தன. இங்கேயும் டோக்கன்தான் பாருங்கள். 1907-ல் மேற்கு வர்ஜீனியாவின் மொனோங்கா சுரங்க வெடிப்பில் 360-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். காட்னிஸின் அப்பா செத்ததும் அப்படி ஒரு வெடிப்பில்தான். 1921-ல் அதே மாநிலத்தில் பிளேர் மலையில் சுமார் பத்தாயிரம் சுரங்கத் தொழிலாளர்கள் ஆயுதத்தோடு கிளம்பியபோது தனியார் விமானங்களிலிருந்து அவர்கள்மேல் குண்டு போட்டார்கள். கதையில் கேப்பிடல் விமானங்கள் 12-ம் மாவட்டத்தை எரிப்பதைப் பார்த்து 'அமெரிக்காவில் இப்படியெல்லாம் நடக்குமா' என்று நினைப்பவர்கள் பிளேர் மலையைப் பற்றிப் படிக்கலாம்.

சரி, மூணு விரலுக்கு வருவோம்.

அந்தச் சைகை முதலில் வருவது சீட்டு எடுக்கும் நாளில். காட்னிஸ் தங்கைக்குப் பதிலாக மேடையேறுகிறாள். கேப்பிடலிலிருந்து வந்த எஃபி 'எல்லாரும் கை தட்டுங்கள்' என்கிறாள். யாரும் தட்டவில்லை. ஒருவர் பின் ஒருவராக மூன்று விரலை உதட்டில் வைத்து, பிறகு அவளை நோக்கி நீட்டுகிறார்கள். 12-ம் மாவட்டத்தில் எப்போதாவது சாவு வீட்டில் மட்டும் காண்கிற பழைய வழக்கம் இது என்கிறது நாவல். நன்றி, மதிப்பு, பிரியமானவருக்கு விடை, எல்லாம் அதில் அடக்கம். கோஷம் கிடையாது. கைதட்ட மறுப்பதுதான் அதன் முதல் அர்த்தம்.

(ரோமின் கிளாடியேட்டர் சண்டையும் சாவு வீட்டில் தொடங்கியதுதான். கி.மு. 264-ல் புரூட்டஸ் பேரா என்பவரின் ஈமச் சடங்கில் மூன்று ஜோடி அடிமைகளை மோதவிட்டது அங்கே பதிவாகியிருக்கும் முதல் சண்டை. அப்புறம் அரசியல்வாதிகள் கையில் எடுத்துக்கொண்டார்கள். கி.பி. 80-ல் கொலோசியம் திறந்தபோது விழா 100 நாள்.)

அடுத்து 11-ம் மாவட்டத்துச் சிறுமி ரூ சாகும் இடம். என் அக்கா மகள் நிறுத்தியது இங்கேதான். காட்னிஸ் அவள் உடலைப் பூக்களால் அலங்கரித்துவிட்டு கேமராவைப் பார்த்து மூணு விரலை உயர்த்துகிறாள். நாவலில் இதற்குப் பதிலாக 11-ம் மாவட்டத்து ஏழைகள் காசு சேர்த்து அவளுக்கு ஒரு ரொட்டி அனுப்புகிறார்கள். வேறு மாவட்டத்துக்காரி ஒருத்திக்கு ரொட்டி. படம் அந்த ரொட்டியை எடுத்துவிட்டது. அதற்குப் பதில் 11-ம் மாவட்டத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திருப்பி விரலை உயர்த்துகிறார்கள், உடனே கலவரம் வெடிக்கிறது. எனக்கு நாவலின் ரொட்டிதான் உசத்தி. ஆனால் ரொட்டி அனுப்பியிருந்தால் நான் கீழே சொல்லப்போகும் எதுவும் நடந்திருக்காது. நாவலில் அந்தச் சைகை காட்னிஸின் மனசுக்குள் இருக்கிறது. திரையில் அது பார்க்கிறவனுக்கு அனுப்பப்படும் சமிக்ஞை ஆகிவிட்டது, அதுவும் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய சமிக்ஞை.

2013 நவம்பரில் வந்த இரண்டாவது படத்தில் (இனி எல்லாம் ஃபிரான்சிஸ் லாரன்ஸ் இயக்கம், ஐந்தில் இதுதான் சிறந்தது) ஒரு கிழவர் கூட்டத்திலிருந்து அதே விரலை உயர்த்துகிறார். மேடைக்கு இழுத்துவந்து தலையில் சுடுகிறார்கள். ஆக, விரலை உயர்த்தினால் என்ன ஆகும் என்பதையும் படமே சொல்லிக்கொடுத்துவிட்டது.

இங்கே கொஞ்சம் நூறு வருஷம் பின்னால் போக வேண்டும். ஏனென்றால் சினிமாவிலிருந்து ஒரு சல்யூட் தெருவுக்கு இறங்கியது இது முதல் தடவை இல்லை.

'ரோமன் சல்யூட்' என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கையை விறைப்பாக முன்னால் நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க. முசோலினி ஆட்களும் ஹிட்லர் ஆட்களும் காட்டியது. பழைய ரோமானியர்கள் இப்படித்தான் வணங்கினார்கள் என்று ஃபாசிஸ்டுகள் சொல்லிக்கொண்டார்கள். ரோமானிய நூல்களிலோ சிற்பங்களிலோ இப்படி ஒரு சல்யூட் கிடையாது. டிராஜன் தூணில் கை உயர்த்தியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இந்த மாதிரி இல்லை. 1784-ல் ஜாக்-லூயி டேவிட் என்ற பிரெஞ்சு ஓவியர் ஹொராட்டியஸ் சகோதரர்கள் சத்தியம் செய்வதாக வரைந்த ஓவியத்தில் நீட்டிய கைகள் வந்தன. அங்கிருந்து நாடக மேடை, மேடையிலிருந்து மௌனப் படம். 1914-ல் ஜியோவன்னி பாஸ்த்ரோனே இயக்கிய 'கபீரியா' என்ற பிரம்மாண்ட இத்தாலியப் படத்தில் ரோமானியர்கள் இப்படிக் கை நீட்டுகிறார்கள். அந்தப் படத்துக்கு எழுத்து அட்டைகளும் பாத்திரப் பெயர்களும் எழுதிக்கொடுத்தவர் கவிஞர் கப்ரியேலே டனுன்சியோ. 1919-ல் அவர் தன் ஆட்களோடு ஃபியூமே நகரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே நடத்திய சடங்குகளில் பால்கனிப் பேச்சும் இருந்தது, கறுப்புச் சட்டையும் இருந்தது, இந்த நீட்டிய கையும் இருந்தது. முசோலினி எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டார். 1930-களில் இத்தாலியில் கைகுலுக்குவதை விட்டுவிட்டு இதையே செய்யச் சொல்லும் அளவுக்குப் போனது.

இதைவிட எனக்கு வேடிக்கையாகப் படுவது அமெரிக்கப் பள்ளிகள். 1892 முதல் அங்கே குழந்தைகள் கொடிக்கு உறுதிமொழி சொல்லும்போது கையை இப்படியே நீட்டினார்கள். பழைய போட்டோக்களைப் பார்த்தால் தூக்கிவாரிப் போடும். ஹிட்லரோடு போர் வந்த பிறகு சங்கடமாகி, 1942 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அன்றிலிருந்து கை நெஞ்சுக்கு வந்தது.

அந்த நூற்றாண்டில் ஓவியமும் சினிமாவும் கொடுத்த சல்யூட்டை அரசு எடுத்து மக்கள் கையில் கட்டாயமாகத் திணித்தது. நீட்டாதவன் சந்தேகத்துக்குரியவன். அடுத்த நூற்றாண்டில் சினிமா கொடுத்த சல்யூட்டுக்கு நடந்தது இதற்கு நேர்மாறு.

2014 மே 22, தாய்லாந்து. ஜெனரல் பிரயுத் சான்-ஓ-சா தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ அரசியலுக்காகக் கூடத் தடை. இரண்டாவது ஹங்கர் கேம்ஸ் படம் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஜூன் தொடக்கத்தில் பாங்காக் வணிக வளாகங்களின் வாசலில் ஆட்கள் சும்மா நின்றுகொண்டு மூணு விரலை உயர்த்தினார்கள். கேட்டால் சிலர் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்றார்கள். சிலர் படத்தையே சொன்னார்கள். தனி ஆளாக உயர்த்தினால் பரவாயில்லை, கூட்டமாக உயர்த்தினால் நடவடிக்கை என்ற தொனியில் ராணுவம் அறிவித்தது. விரலை எண்ணுவதா ஆளை எண்ணுவதா என்று போலீஸ்காரர்கள் பாவம் குழம்பியிருப்பார்கள். அதே சமயத்தில் பொது இடத்தில் ஆர்வெல்லின் '1984' நாவலைப் படிப்பதும் சாண்ட்விச் சாப்பிடுவதும்கூட எதிர்ப்பாக மாறி, அதற்கும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அதே வருஷம் நவம்பர் 19. கோன் கேன் நகரத்தில் பிரயுத் மேடையில் பேசிக்கொண்டிருக்கிறார். ஐந்து மாணவர்கள் அவருக்கு நேர் எதிரே வந்து நின்று மேல்சட்டையைக் கழற்றுகிறார்கள். உள்ளே ஒவ்வொரு பனியனிலும் ஒரு சொல், சேர்த்துப் படித்தால் ராணுவ ஆட்சி வேண்டாம் என்று வருகிறது. மூணு விரலை உயர்த்துகிறார்கள். உடனே இழுத்துப்போகப்படுகிறார்கள். மறுநாள் மூன்றாவது படம் தாய்லாந்தில் ரிலீஸ். மாணவர்கள் மொத்தமாக டிக்கெட் வாங்கியிருந்தார்கள். ஒரு தியேட்டர் நிறுவனம் காட்சிகளை ரத்து செய்தது. படத்தின் போஸ்டருக்கு முன்னால் விரலை உயர்த்திய மாணவியைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது.

மூன்றாவது படத்தின் கதையே பிரச்சாரப் படம் எடுப்பது எப்படி என்பதுதான். காட்னிஸை ஸ்டுடியோவில் நிறுத்தி வீர வசனம் பேசச் சொல்கிறார்கள், அவளுக்கு வரவில்லை, பார்க்க அபத்தமாக இருக்கிறது. ஆஸ்பத்திரி இடிபாட்டுக்கு முன்னால் நிற்கும்போது தானாக வருகிறது. கடைசி நாவலை இரண்டு படமாக வெட்டியது வசூலுக்காக. பிற்பாடு இயக்குநரே அதற்கு வருத்தப்பட்டிருக்கிறார். நாலாவது படத்தில் பாதி தூக்கம் வந்தது எனக்கு. ஆனால் கலகத் தலைவி காய்ன் தன் பங்குக்குக் கேப்பிடல் குழந்தைகளை வைத்து இன்னொரு விளையாட்டு நடத்தலாம் என்று சொல்லும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அமெரிக்காவில் இதே படங்களை வைத்து என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லணும். இரண்டாவது படம் வந்தபோது கவர்கேர்ள் நிறுவனம் 'கேப்பிடல்' பெயரில் மேக்கப் பொருள்கள் விற்றது. சப்வே கடை காரமான சாண்ட்விச் விற்றது. துபாயில் ஹங்கர் கேம்ஸ் ரோலர் கோஸ்டரே இருக்கிறது. ஒரு பக்கம் படத்தின் பெயரில் சாண்ட்விச் வியாபாரம், இன்னொரு பக்கம் சாண்ட்விச் சாப்பிட்டவன் ஸ்டேஷனில். கேப்பிடல் மக்களாக இருப்பதா மாவட்ட மக்களாக இருப்பதா என்பதைப் பார்வையாளர்களே முடிவு செய்துகொண்டார்கள் போல.

தாய்லாந்தில் அந்தச் சைகை அடங்கிக் கிடந்தது. 2020-ல் மறுபடி எழுந்தது. நாடாளுமன்றத்தைக் கலை, அரசியல் சட்டத்தைத் திருத்து, மக்களை மிரட்டாதே என்று மூன்று கோரிக்கைகள் அப்போது வந்ததால் விரலுக்கொன்று ஆனது. ஆகஸ்டில் அது பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்தது. காலையில் கொடியேற்றி தேசிய கீதம் பாடும்போது, வரிசையில் நிற்கும் பிள்ளைகள் வெள்ளை ரிப்பன் கட்டிக்கொண்டு மூணு விரலை உயர்த்தினார்கள். முடி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று விதிபோடும் பள்ளிகள் அவை. பக்கத்தில் ஆசிரியர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அமெரிக்கப் பள்ளியில் 1892-ல் சொல்லிக்கொடுத்ததால் நீண்ட கைகளையும், இங்கே சொல்லிக்கொடுக்காமலே உயர்ந்த கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் கொஞ்ச நேரம்.

அடுத்தது மியான்மர். 2021 பிப்ரவரி 1-ம் தேதி ராணுவப் புரட்சி. இரண்டொரு நாளில் ஆஸ்பத்திரி டாக்டர்களும் நர்ஸுகளும் பாதுகாப்பு உடையோடு நின்று மூணு விரல் காட்டும் படங்கள் வந்துவிட்டன. பிப்ரவரி 26-ல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் மியான்மர் தூதர் கியாவ் மோ துன் தன் சொந்த நாட்டு ராணுவத்துக்கு எதிராகப் பேசி, முடிவில் மூணு விரலை உயர்த்தினார். கோட்டு சூட்டு போட்ட நடுவயது தூதர், இளையோர் சினிமாவின் சைகை. மறுநாள் ராணுவம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது.

2023-ல் வந்த முன்கதைப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இளம் வயது ஸ்னோவின் கதை. பத்தாவது ஹங்கர் கேம்ஸ். வரலாறு பிடித்தவர்களுக்கு இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு: அந்தக் காலத்தில் கேப்பிடலில் யாருமே விளையாட்டைப் பார்க்கவில்லை! குழந்தைகள் செத்துப்போவதைப் பார்க்க யாருக்கும் இஷ்டமில்லை. பந்தயம் கட்டலாம், பிடித்த பிள்ளைக்குச் சாப்பாடு அனுப்பலாம் என்று ஸ்னோதான் வழி சொல்கிறான். ரத்தம் பார்க்கும் ஆசை ஜனங்களுக்குத் தானாக வந்ததில்லை, யாரோ உட்கார்ந்து யோசித்துப் பழக்கியது. ஜுவெனல் ரோம் ஜனங்களைத் திட்டினார். காலின்ஸ் திட்டுவது பழக்கியவனை. அரங்கக் காட்சிகளை போலந்தின் விரோட்சுவாஃப் நகரில், ஜெர்மனி வசம் இருந்த காலத்தில், 1913-ல் கட்டிய நூற்றாண்டு மண்டபத்தில் எடுத்திருக்கிறார்கள். இடத்தேர்வு பிரமாதம். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் என்பது கொஞ்சம் ஜாஸ்தி.

அக்கா மகளுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். தாய்லாந்து விஷயம் அவளுக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்திருந்தது. "அப்ப நீங்க அன்னிக்கு 'கண்டுபிடிச்சது'ன்னு சொன்னது தப்புதானே மாமா?" என்றாள். சொல்லாமல் விட்டது ஒன்று பாக்கி இருந்தது, அதையும் சொன்னேன்.

2021 மே 28, ஜப்பானில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். மியான்மர் அணி 10-0 என்று தோற்றது. ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம் ஒலித்தபோது மியான்மரின் மாற்று கோல்கீப்பர் ஒருவர் மூணு விரலை உயர்த்தினார். நியாயம் வேண்டும் என்று அந்த விரல்கள்மேல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார், விரலுக்கு ஒரு சொல். கேமரா அதைப் பிடித்துவிட்டது. அணி ஊருக்குத் திரும்பும் நாளில் விமான நிலையத்துக் குடியேற்ற அதிகாரியிடம் போய், தான் திரும்பிப் போகவில்லை என்று சொன்னார். ஆகஸ்டில் ஜப்பான் அவருக்கு அகதித் தகுதி கொடுத்தது.

"அவரு அந்தப் படம் பாத்திருப்பாரா மாமா?"

"தெரியலம்மா" என்றேன்.